முருங்கை தின்ற எலியும் ‘ஊர்வாய்’ பத்திரிகையும்

மொச்சிக்குளத்தில் ‘ஊர்வாய்’ என்று ஒரு நாளிதழ் வந்துகொண்டிருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வில்லங்கமே அதுதான்.

ஆசிரியர் பெயர் திருமலைக்கொழுந்து. உதவி ஆசிரியை பேச்சித்தாய் பிழை திருத்துவதில் கெட்டிக்காரி. பிழை இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்கித் திருத்திவிடுவாள். படம் எடுப்பதும் பக்கம் கட்டுவதும் மைதீன். நாலாவது ஆள்தான் நம்ம கொம்பையா, நிருபர். முதல் பக்கத்தில் தன் பெயர் அச்சாகி வரவேண்டும், அதை மாமனார் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் மொச்சிக்குளத்தில் முதல் பக்கத்துக்குத் தகுந்தாற்போல ஒன்றும் நடக்கவில்லை.

பத்திரிகையின் முதலாளி சொர்ணவேல் அண்ணாச்சி. அரிசி மில் வைத்திருப்பவர். மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “உங்க பேப்பர்ல கோயில் கொடையும் கருமாதியும்தான் வருது, அறிவியல் செய்தியே இல்லையே?” என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சிக்குப் பாயசம் இறங்கவில்லை. நேரே அலுவலகத்துக்கு வந்தார்.

“இனிமே அறிவியல் செய்தி போடணும். மூணு விசயம் சொல்லுதேன், மண்டையில ஏத்திக்கோங்க. பாமரனுக்கும் புரியணும். ரெண்டு தரப்பையும் கேட்டுப் போடணும். தலைப்பு கண்ணைப் பறிக்கணும். இதுல ஏதாச்சும் கோளாறு வந்துச்சுன்னா ‘ஊர்வாய’ மூடிட்டு அதே மிஷின்ல கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆரம்பிச்சிருவேன்.”

அண்ணாச்சி போனதும் மைதீன் சமாதானம் சொன்னார். “எப்படியும் பத்திரிகைதானே அடிக்கப் போறோம். இதுல என்ன நட்டம்?”

“கல்யாணப் பத்திரிகையில நிருபர் பேரு போட மாட்டாங்களே, மைதீன்!” என்றார் கொம்பையா.

அறிவியல் நிருபராக யாரைப் போடுவது என்று நால்வரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையை மற்ற மூவரும் ஒரே தடவைதான் எழுதியிருந்தார்கள். கொம்பையா நாலு தடவை எழுதியிருந்தார். படிப்பு என்றால் அதுவல்லவா படிப்பு! ஏகமனதாக அவரையே போட்டார்கள்.

ஊருக்கு வெளியே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. அங்கே டாக்டர் நவமணி என்ற அம்மாள் வெள்ளெலிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு வருசத்துக்கும் மேலான உழைப்பு. அத்தனை நாளில், என்ன செய்கிறீர்கள் என்று ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. கொம்பையா போய் நின்றதும் அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“இந்தப் பெட்டிக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு வழி போகும். கடைசி மூலையில ஒரு கருவாட்டுத் துண்டு. முருங்கைக்கீரைப் பொடி தின்ன எலிகள், தின்னாத எலிகளைவிடக் கொஞ்சம் சீக்கிரமாப் போய்ச் சேருது. முந்தின நாள் போன வழி ஞாபகம் இருக்கும்போலத் தெரியுது. அவ்வளவுதான்.”

“அப்படின்னா நாமளும் முருங்கைக்கீரை தின்னா கருவாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிச்சிரலாம்!”

“ஐயோ, இல்லைங்க. இது எலி. மனுசங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. இது ஆரம்ப நிலைதான். இன்னும் நிறையப் பார்க்க வேண்டியிருக்கு.”

“சரி. இதைப் பத்தி எலி ஏதும் சொல்லுதா?”

“எலி எப்படிங்க சொல்லும்?”

கொம்பையா பெட்டிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ‘எலி கருத்துக் கூற மறுத்துவிட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

புறப்படும்போது டாக்டரம்மா ஒரு வேண்டுகோள் வைத்தார். “கட்டுரை வியாழக்கிழமை காலையிலதான் ஆய்விதழ்ல வெளியாகுது. அதுவரைக்கும் இந்த விசயம் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. உங்களை நம்பிச் சொல்லியிருக்கேன்.”

“உயிரே போனாலும் தாண்டாது, டாக்டரம்மா,” என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தார் கொம்பையா.

கும்பிட்டுவிட்டு நடந்தார். வாசலுக்கு வந்து ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். விசயம் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. விசயம் எங்கே இருக்கிறது? தன் மண்டைக்குள் இருக்கிறது. அப்படியானால் மண்டை தாண்டக் கூடாது. தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்தார். காவலாளி தன் சோற்றில் பாதியைக் கொடுத்தார். மறுநாள் காலை டாக்டரம்மா வரும்போதும் கொம்பையா அங்கேயே இருந்தார். ‘பாவம், எவ்வளவு அக்கறை! விடியுமுன்னே வந்துவிட்டாரே’ என்று அந்த அம்மாள் மனசுக்குள் நெகிழ்ந்துகொண்டே உள்ளே போனார்.

ஆளைக் காணோமே என்று மற்ற மூவரும் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

“வே கொம்பையா! உள்ள என்ன செய்யுதீரு? வெளிய வாரும்!” என்றார் ஆசிரியர்.

“வர முடியாது, ஐயா. விசயம் வாசலைத் தாண்டக் கூடாது.”

“என்ன விசயம்?”

“அதைச் சொன்னா அது தாண்டிருமே.”

மூவரும் தலையை ஆட்டினார்கள். நியாயம்தான். ஆசிரியர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். “விசயம் உம்ம உடம்புல எங்கன இருக்கு?”

“தலையில.”

“பொறவு என்ன? தலையை உள்ள விட்டுட்டு மத்ததோட வெளிய வாரும். ஊர்க் கண்ணுக்கு நீரு வேலைக்கு வந்த மாதிரியும் ஆச்சு, சத்தியம் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு.”

எல்லோரும் இதை மெச்சினார்கள். கொம்பையா பின்புறமாக ஊர்ந்து வந்து, உடம்பை வெளியே போட்டு, கழுத்து வரைக்கும் இழுத்து, தலையை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். பேச்சித்தாய் அவர் கையைப் பிடித்து வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மைதீன் டீ வாங்கி வந்தார். டம்ளர் வெளியே, வாய் உள்ளே என்பதால் டீயை மட்டும் காவலாளி வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். வியாழக்கிழமை விடிந்ததும் கொம்பையா தலையையும் வெளியே எடுத்தார்.

அன்று மதியத்துக்குள் செய்தி எழுதி முடித்தாயிற்று. டாக்டரம்மா சொன்னது ஒன்றுவிடாமல் இருந்தது. “ரொம்ப நல்லாருக்கு,” என்றார் ஆசிரியர். “இனி இதை ஒரு பாமரன்கிட்டக் காட்டிப் புரியுதான்னு பாத்துரணும். அண்ணாச்சி உத்தரவு.”

கொம்பையாவும் பேச்சித்தாயும் தாளை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார்கள்.

“அண்ணே, நீங்க பாமரனா?” என்று கொம்பையா ஒரு தேங்காய்க் கடைக்காரரைக் கேட்டார். அவர் கையில் அரிவாள் இருந்தது. இருவரும் அடுத்த கடைக்குப் போனார்கள்.

அங்கே பூக்கார அம்மாள், “எங்க குடும்பத்துல அப்படி யாரும் கிடையாது. எதிர் வரிசையில கேளுங்க, அங்கதான் நாலஞ்சு பேரு உண்டு,” என்றாள். எதிர் வரிசைக்காரர்கள் இந்த வரிசையைக் கைகாட்டினார்கள். ஒரு நடத்துநர் மட்டும், “பாமரன் நேத்தே இறங்கிப் போயிட்டான்,” என்று பொறுப்பாகச் சொன்னார். அந்தி சாயும்வரை தேடியும் மொச்சிக்குளத்தில் ஒரு பாமரன் அகப்படவில்லை.

“விடும்வே, நானே பாமரனா இருந்துக்கிடுதேன்,” என்று ஆசிரியர் தியாகம் செய்தார். மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “இப்ப வாசியும்.”

“‘முருங்கைக்கீரைப் பொடி தின்ற எலிகளுக்கு ஞாபகசக்தி சற்றுக் கூடியிருக்கலாம் போலத் தெரிகிறது.’”

“சற்றுன்னா எவ்வளவு?”

“தெரியலை, ஐயா.”

“உமக்கே தெரியலைன்னா பாமரனுக்கு எப்படிவே தெரியும்? எடுத்துரும். கூடியிருக்கலாம்னு போட்டிருக்கீரே, கூடியிருக்கா இல்லையா?”

“இருக்கலாம், ஐயா.”

“பாமரன் குழம்பிருவான். ‘லாம்’ வேண்டாம். ‘போலத் தெரிகிறது’ன்னா யாருக்குத் தெரியுது? அதையும் எடும். ‘ஆரம்ப நிலை’ன்னா என்ன, பேருந்து நிலையமா?”

“எலிங்கிறது புரியுதா, ஐயா?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

ஆசிரியர் பாமரனாகவே யோசித்தார். “எலி புரியுது. ஆனா கீரையை ஏன் எலிக்குக் குடுத்தாங்க, மனுசனுக்குக் குடுக்காமன்னு மனசு கிடந்து அடிக்குது. நிம்மதி போயிருச்சு. எலியை எடுத்துரும்.”

எலியும் போயிற்று. மிஞ்சியது: முருங்கை தின்றால் மறதி இல்லை. ஆசிரியர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு எழுந்தார். “இப்பப் புரியுது. எவ்வளவு சிக்கலா இருந்துச்சு, பாத்தியளா!”

கொம்பையாவுக்கு லேசாக ஒரு உறுத்தல் இருந்தது. அந்த அம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டது ஞாபகம் வந்தது. ஆனால் கொம்பையா முருங்கைக்கீரை சாப்பிடாததால் உறுத்தல் எதைப் பற்றி என்பது மறந்துபோயிற்று.

அடுத்து ரெண்டு தரப்பு. ஞாபகத்தின் தரப்பைக் கேட்டாயிற்று. எதிர்த் தரப்பு எது? மறதி. மறதியின் சார்பாகப் பேச, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் வயிரவநாதனைப் பிடித்தார்கள். மூக்குக்கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே தேடுகிற மனிதர்.

“மறதி இல்லாட்டா உலகமே இயங்காது,” என்று அவர் ஆவேசமாகச் சொன்னார். “மறதி இருக்கப் போய்த்தானே நானும் என் மச்சினனும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுதோம்!”

கொம்பையா நன்றி சொல்லிப் படி இறங்கும்போது அவர் பின்னாலேயே ஓடி வந்தார். “என்ன விசயமா வந்தியோ? மறதியா? அது ரொம்ப மோசம்யா. அதை ஒழிச்சாத்தான் நாடு உருப்படும்.”

இரண்டையும் போட்டார்கள். ‘அறிஞர்களிடையே கடும் கருத்து மோதல்’ என்று பேச்சித்தாய் ஒரு துணைத் தலைப்பும் கொடுத்தாள்.

கடைசியாகத் தலைப்பு. அது கண்ணைப் பறிக்கவேண்டும். இதில்தான் நால்வருக்கும் வாக்குவாதம் வலுத்தது.

“வாசகர் கண்ணைப் பறிச்சிட்டா நாளைக்கு எதை வச்சுப் படிப்பாங்க?” என்றார் மைதீன்.

“ஒரு கண்ணைப் பறிச்சா போதும். மிச்சக் கண்ணு நாளைக்கு ஆகும்,” என்றாள் பேச்சித்தாய்.

“அண்ணாச்சி ‘கண்ணை’ன்னுதான் சொன்னாரு, ‘கண்களை’ன்னு சொல்லலை. அப்ப ஒண்ணுதான்,” என்று ஆசிரியர் இலக்கணப்படி தீர்ப்புச் சொன்னார்.

ஒரு கண்ணாவது பறிபோக வேண்டுமென்றால் எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். கணினியில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினார் மைதீன். ஆனால் மறதி இல்லை என்று மொட்டையாக நின்றால் எடுப்பாக இல்லை என்று ஆசிரியருக்குப் பட்டது. எத்தனை காலத்துக்கு மறதி இல்லை? சாகிற வரைக்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதையும் சேர்த்தார்கள். ‘முருங்கை தின்றால் மரணம் வரை மறதி இல்லை.’

எழுத்து பெரிது, பக்கம் சிறிது. முதல் பக்கத்தில் மூன்று சொற்கள்தான் அடங்கின. மிச்ச மூன்றையும் மைதீன் இரண்டாம் பக்கத்தில் அதே அளவில் வைத்தார். முதல் பக்கத்தின் அடியில் ‘கொம்பையா, அறிவியல் நிருபர்’ என்றும் போட்டார். கொம்பையா அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேலே பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊர் முழுக்கக் கடைவாசல்களில் ‘ஊர்வாய்’ தொங்கியது.

முருங்கை தின்றால் மரணம்.

டீக்கடையில் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்பது வழக்கம். முதல் தாளை வாங்கியவர் “ஐயோ” என்று நெஞ்சைப் பிடித்தார். புரட்டிப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. உணவு விடுதியில் அண்டா அண்டாவாகச் சாம்பாரைச் சாக்கடையில் கொட்டினார்கள். அரசு மருத்துவமனையில் வரிசை தெருமுனை தாண்டியது. “ரெண்டு துண்டுதான் சாப்பிட்டேன், அதுலயும் ஒண்ணைச் சரியாச் சப்பலை, எனக்கு எதும் சலுகை உண்டா?” என்று ஒருவர் செவிலியரைக் கெஞ்சினார். முந்தின நாள் மாமியாருக்கு முருங்கைக்கீரைப் பொரியல் வைத்த மருமகள்கள் எல்லாம் விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு முருங்கை மரம் நிமிர்ந்து நிற்கவில்லை.

டாக்டர் நவமணி வந்தார். கூடவே சொர்ணவேல் அண்ணாச்சியும் வந்தார். அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மின்விசிறி ஆடியது. டாக்டரம்மா சத்தம் போடவில்லை. பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நின்றார்.

“ஒரு வருச உழைப்புங்க,” என்றார். “நீங்க வந்து கேட்டப்போ எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா?”

கொம்பையாவுக்கு அழுகை வந்துவிட்டது. “என்ன செய்யணும்னு சொல்லுங்க, டாக்டரம்மா. அட்சரம் பிசகாமச் செய்யுதேன்.”

அந்த அம்மாள் ஒரு தாளை எடுத்துத் தன் கையாலேயே திருத்தம் எழுதிக் கொடுத்தார். “இதை அப்படியே போடுங்க. இந்த முடிவு எலிகளுக்குத்தான், மனுசங்களுக்கு இல்லை. இது போய்ச் சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேரணும்.”

“அவங்க மனசு குளிரலைன்னா,” என்றார் அண்ணாச்சி, “திங்கக்கிழமை கல்யாணப் பத்திரிகைதான்.”

இருவரும் போனபிறகு நால்வரும் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். கடைசியில் கொம்பையா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஐயா, எங்க தப்பு நடந்திருக்குன்னு புரிஞ்சுபோச்சு! இந்த முடிவு எலிகளுக்குத்தான்னு டாக்டரம்மா முதல்லயே சொன்னாங்க. எலிகளுக்கு வந்த செய்தியை நாம மனுசங்களுக்கு அனுப்பிட்டோம். விலாசம் மாறிப்போச்சு!”

“அடப்பாவி, ஆமாவே!” என்றார் ஆசிரியர். “மனுசங்க படிக்கப் போய்த்தானே இத்தனை கலாட்டா!”

“அப்ப டாக்டரம்மாவோட எலிகளுக்கே குடுத்துருவோமா?” என்றார் மைதீன்.

“அதுங்களுக்குத் தெரியாதா என்ன? அதுங்கதானே கூட இருந்து செஞ்சது,” என்றாள் பேச்சித்தாய். “தெரியாத எலிகளுக்குத்தான் சொல்லணும்.”

தெரியாத எலிகள் அதிகம் இருக்கும் இடம் அண்ணாச்சியின் மில் குடோன். சனிக்கிழமை இதழை ஒரு கடைக்கும் போடாமல் அத்தனையையும் வண்டியில் ஏற்றிக் குடோனுக்குக் கொண்டுபோனார்கள். மூட்டைக்கு ஒன்றாக, மடிப்புக் கலையாமல் வைத்தார்கள். திருத்தம் வழக்கப்படி கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆசிரியருக்குக் கண்கள் பனித்துவிட்டன. தலையங்கம் போயிருந்தது. கோயில் கொடைச் செய்தி போயிருந்தது. வரி விளம்பரம்கூட ஒரு வரி மிச்சமில்லை. “இத்தனை வருசத்துல நம்ம பேப்பரை இப்படி ஊன்றிப் படிச்ச வாசகர் உண்டா?”

ஆனால் ஒரு மூலை மட்டும் எல்லாப் பிரதியிலும் அப்படியே கிடந்தது.

“திருத்தத்தை மட்டும் ஒருத்தரும் தொடலையே!” என்றாள் பேச்சித்தாய்.

“எழுத்து பொடியா இருக்கு. அவங்க கண்ணும் பொடிக்கண்ணு,” என்றார் மைதீன்.

“அப்ப வாசிச்சுக் காட்டிர வேண்டியதுதான்,” என்றார் கொம்பையா. டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இந்தத் தடவை தவறக் கூடாது. சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுத் தூக்கைப் பக்கத்தில் வைத்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நல்ல வாசனை. ஒன்று, இரண்டு என்று எலிகள் வந்து சுற்றிலும் உட்கார ஆரம்பித்தன.

அண்ணாச்சியும் டாக்டரம்மாவும் விசயம் கேள்விப்பட்டுக் குடோனுக்கு விரைந்து வந்தார்கள். கத்துவதற்கு வாயைத் திறந்த அண்ணாச்சி திறந்தபடி நின்றார். அவ்வளவு நிசப்தம். கொம்பையாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

“‘...இது ஆரம்ப நிலை ஆய்வே. ஞாபகசக்தி சற்றுக் கூடியிருக்கலாம் போலத் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல மேலும் ஆய்வுகள் தேவை.’ சற்றுன்னா எவ்வளவுன்னு கேக்காதீக. டாக்டரம்மாவுக்கே இன்னும் தெரியலையாம். தெரிஞ்சதும் சொல்லுவாங்க.”

எலிகள் மீசையை அசைத்தன. டாக்டர் நவமணி கதவைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வார்த்தை தப்பில்லையே,” என்று முணுமுணுத்தார். “மிகைப்படுத்தலும் இல்லை. இதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாதுங்க.”

டாக்டரம்மா மனசு குளிர்ந்ததைக் கண்டதும் அண்ணாச்சி கோபத்தை அப்படியே விழுங்கினார். கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நடந்து வந்து, கொம்பையாவின் காதோரம் குனிந்தார்.

“ஏலே, இவ்வளவு பேரு இருக்காங்களே. சந்தா கேட்டுப் பாத்தியா?”

“முன்வரிசையில ஒருத்தர்ட்ட கேட்டேன், அண்ணாச்சி,” என்று கொம்பையா கிசுகிசுத்தார். “வீட்ல கேட்டுட்டு வந்து சொல்லுதேன்னு பொந்துக்குள்ள போயிருக்காரு.”